பரீட்சை முடிந்ததும் ஒரு வகுப்பறைச் சாவி வேண்டும்

நெல்லை, தென்காசி மாவட்ட மேல்நிலைப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கு,

வணக்கம்.

பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் விடுதியில் 24 வருஷம் காப்பாளராக இருந்துவிட்டுப் போன வருஷம்தான் வெளியே வந்தேன். கல்லூரி திறக்கும் வாரம் எங்கள் விடுதி வாசலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆட்டோ, வாடகை வேன், சொந்தக்காரர் கார் எல்லாம் வரிசையாக நிற்கும். புது பக்கெட், அதற்குள் புது மக், பாய், தலையணை, முறுக்கு டின், வாயில் துணி கட்டிய புளிமிளகாய் பாட்டில். கடைசியாகப் பிள்ளை இறங்கும். அம்மாக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வாள்: "மேடம், எம் பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது. படிக்க மட்டுந்தான் தெரியும். நீங்கதான் பாத்துக்கிடணும்."

24 வருஷமும் இதே வாசகம். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தவளும் சொன்னாள், சங்கரன்கோவிலிலிருந்து வந்தவளும் சொன்னாள். கவலையோடு சொன்னதாக நினைக்காதீர்கள். பெருமையாகத்தான் சொன்னார்கள். வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்த விடாமல் வளர்த்தோம் என்பதுதான் அதற்கு அர்த்தம். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் ரெண்டு வருஷத்துக்கு டிவி கிடையாது, விருந்தாள் கிடையாது. பிள்ளை சாப்பிட்ட தட்டைக்கூட ஆச்சி எடுத்துக் கழுவுவாள். "நீ படி, அது போதும்." இந்த நாலு சொல்லைச் சொல்லாத வீடு நம் பக்கத்தில் உண்டா?

அந்த நாலு சொல்லைப் பற்றித்தான் இந்த மடல். வெளியூர் போய்த் தங்கப் போகிற பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் படிப்பு தவிர்த்த மற்றதைச் சொல்லிக் கொடுக்க உங்களிடம் ஒரு வகுப்பறை கேட்டு எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளைகள் வந்த முதல் மாதம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வெட்கப்பட்டு யாரும் வெளியே சொல்லாத விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். ஜூலை மாதம் எங்கள் விடுதியில் கழிவறைக் குழாய் அடைக்காத வருஷமே கிடையாது. நாப்கினைத் தாளில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டில் அம்மா அதையும் வாங்கி அப்புறப்படுத்தியிருப்பாள். பிளம்பர் வந்து இழுத்துப் போடும்போது எட்டி நின்று பார்க்கிற அந்த முகங்களைத் திட்ட எனக்கு வாய் வந்ததில்லை.

துணி துவைக்கிறதும் அப்படித்தான். ஆற்றுத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டாலே நுரைக்கும் என்று பழகிய கல்லிடைக்குறிச்சிப் பிள்ளை, போர் தண்ணீரில் பாதிக் கட்டியைக் கரைத்துவிட்டு, "மேடம், சோப்பு கெட்டுப்போச்சு" என்று வந்து நின்றாள். தண்ணீர் உப்பு, சோப்பின் மேல் குற்றமில்லை என்று விளக்கினேன். இப்போது அவள் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கடின நீர் பற்றி அப்போதே அவளுக்குப் பாடம் இருந்தது, அதில் முழு மார்க்கும் வாங்கியிருந்தாள்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிறவை. சிரிக்க முடியாதவையும் உண்டு.

ஒரு ஐப்பசி மழையில் ஒரு பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். என்னிடம் சொன்னால் வீட்டுக்குப் போன் போட்டுவிடுவேன், அப்பா வேலையை விட்டுவிட்டு வருவார் என்று மறைத்துவிட்டாள். அறையில் ஒருத்தி டோலோ கொடுத்திருக்கிறாள், இன்னொருத்தி கால்பால் கொடுத்திருக்கிறாள். ரெண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து ரெண்டையும் சேர்த்தே போட்டிருக்கிறாள். ரெண்டுமே பாரசிட்டமால்தான். உடம்புவலிக்கென்று மூன்றாவதாக ஒரு வலி மாத்திரை வேறு. டெங்கு அலைகிற காலத்தில் அந்த மாதிரி வலி மாத்திரையைத் தொடவே கூடாது, ரத்தக்கசிவில் கொண்டுபோய் விட்டுவிடும். நல்லவேளை, அவளுக்கு டெங்கு இல்லை. ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டே?" அவளால் சொல்ல முடியவில்லை. உயிரியல் பிரிவு, 600க்கு 571.

மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கிற மருந்தின் பெயரைப் படிப்பது, போட்ட நேரத்தைக் குறித்து வைப்பது, மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் ரத்தம் பார்க்கப் போவது. வயிற்றுப்போக்கு என்றால் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய டீஸ்பூனால் 6 சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இவ்வளவையும் ஒரு கிராமச் செவிலியர் அரைமணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்.

அடுத்தது பணம். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிற பெண் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024 ஆகஸ்டிலிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று வருகிறது. எங்கள் விடுதியில் ஆலங்குளம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அம்மா பீடி சுற்றுகிறவள். எட்டு மாதமாகப் பணம் வரவில்லை என்று அழுவாள். கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் "போட்டாச்சே" என்பார்கள். வங்கியில் கேட்டால் "வரலையே" என்பார்கள். ஒருநாள் நானே கூடப் போனேன். பிள்ளை பேரில் பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்குத் தொடங்கியிருந்தார்கள். பிறகு ஏதோ ஒரு முகாமில் அம்மா இன்னொரு கணக்குத் தொடங்கிக் கொடுத்திருக்கிறாள். அரசுப் பணம் நாம் எழுதிக் கொடுக்கிற கணக்கு எண்ணைப் பார்த்து வராது. ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் போய் விழும். எட்டாயிரம் ரூபாயும் அந்த ரெண்டாவது கணக்கில் பத்திரமாக இருந்தது. எட்டு மாதமும் அந்தப் பிள்ளை மதிய டீ குடிக்காமல் காசு மிச்சம் பிடித்திருக்கிறாள்.

இதில் எனக்குப் பொறுக்காதது ஒன்று. அவள் அம்மா கணக்குத் தெரியாதவளா? பீடிக் கடையில் எத்தனை கிராம் இலை, எத்தனை கிராம் தூள் வாங்கினாள், அதற்கு எத்தனை கட்டுத் தர வேண்டும், கணக்குப்பிள்ளை எத்தனையைக் கழித்தார் என்று விரல் நுனியில் வைத்திருப்பாள். தூள் குறைந்தால் கைக்காசு போட்டு வாங்கி ஈடுகட்டத் தெரியும். பாஸ்புக்கில் ஒரு வரி விடுபட்டால் சண்டை போடத் தெரியும். மகள் மட்டும் இந்தக் கணக்குப் பக்கம் வந்துவிடக் கூடாது என்று ஒதுக்கி வைத்தாள். பீடித் தட்டு மகள் மடிக்கு வரக் கூடாது என்று நினைத்ததில் என்ன தப்பு? தட்டோடு சேர்த்துக் கணக்கையும் ஒளித்து வைத்ததுதான் தப்பாகப் போயிற்று.

ஊருக்கெல்லாம் சொல்கிறேனே, என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நானும் நம்பினேன். என் மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்தான். ரெண்டாம் வருஷம், சீனியர் ஒருவன், "உன் அக்கவுண்ட சும்மாத்தானே வச்சிருக்க, ஒரு மாசத்துக்கு ஏடிஎம் கார்டையும் சிம்மையும் குடு, மூவாயிரம் தாரேன்" என்று கேட்டிருக்கிறான். இவனும் கொடுத்துவிட்டான். எங்கோ வடமாநிலத்தில் ஒரு பெரியவரை ஏமாற்றிய பணம் இவன் கணக்கு வழியாகப் போயிருக்கிறது. அந்த ஊர்ப் போலீஸ் கணக்கை முடக்கிவிட்டு இவனுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வாடகைக் கணக்கு என்று பத்திரிகையில் போடுகிறார்களே, அதுதான். வக்கீல், பயணம், கையெழுத்து என்று ஏழு மாதம் ஓடியது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. அந்த ஏழு மாதமும் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

எத்தனையோ தடவை அவனைக் கூட்டிக்கொண்டு நான் வங்கிக்குப் போயிருக்கிறேன். வெயிலில் நடக்க முடியாது, பைக்கில் கொண்டுவிடுவான். வெளியே வேப்பமரத்து நிழலில் வண்டியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். "உள்ள வாய்யா, இந்தச் செலான ஒரு தடவ நீ எழுது" என்று ஒருநாள்கூட நான் கூப்பிட்டதில்லை. மறுநாள் அவனுக்கு டெஸ்ட் இருக்குமே!

இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாம் செய்கிற ஓரவஞ்சனை வேறு. பெண் பிள்ளைக்கு அடுப்பு ஓரளவு தெரியும், வங்கி வாசல் தெரியாது. பையனுக்கு பைக் ஓட்டத் தெரியும், அடுப்பும் தெரியாது, வங்கியும் தெரியாது. அறை எடுத்துத் தங்குகிற நாலு பையன்கள் மூன்று வேளையும் பரோட்டாவில் ஓட்டி, ஆறாம் மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வருகிறார்கள். அவர்கள் சொதியும் கூட்டாஞ்சோறும் ஆக்க வேண்டாம். குக்கரில் சோறு, ஒரு பருப்பு, ஒரு ரசம், முட்டை, எள்ளுத் துவையல். இந்த ஐந்தும் தெரிந்தவன் எந்த ஊரிலும் பட்டினி கிடக்க மாட்டான். கூடவே, கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறக்க வேண்டும், 1906க்குக் கூப்பிட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். "ஆம்பளப் பிள்ள அடுப்படிக்குப் போகவா?" என்று கேட்கிற அண்ணாச்சிமார் யாராவது கழகத்தில் இருந்தால், கல்யாண வீட்டில் நமக்குச் சொதி வைத்துக் கொடுக்கிற தவசிப்பிள்ளை ஆம்பளையா பொம்பளையா என்று மட்டும் நான் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில் முடிகிறது. முடிவு மே மாதம் வருகிறது. நடுவில் இருக்கிற நாட்களில் நீட் எழுதுகிறவர்கள் போக மற்ற பிள்ளைகள் போனும் கையுமாகக் கட்டிலில் கிடக்கிறார்கள். இதையெல்லாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஏப்ரலில் எட்டுக் காலைகளை எங்களுக்குக் கொடுங்கள். ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை போதும். உங்கள் பள்ளியில் ஒரு வகுப்பறைச் சாவி வேண்டும். பரீட்சை முடிகிற அன்று பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை போக வேண்டும். அரசாங்கத்தின் நான் முதல்வன், கல்லூரிக் கனவு ஆகியவற்றில் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று வழிகாட்டுகிறார்கள், அது நல்ல காரியம். கல்லூரிக்குப் போய் இறங்கின பிறகு ஒரு அறையில் எப்படிக் காலம் தள்ளுவது என்பதை மட்டும் நாம் ஊரில் பார்த்துக்கொள்வோம் என்கிறேன்.

யார் சொல்லிக் கொடுப்பது என்பீர்கள். ஒவ்வொரு ஊரிலும் ஆள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் எல்லா ஊர்த் தெருவிலும் ஈஸிசேரில் சாய்ந்திருக்கிறார். அவருக்கு ரெண்டு காலை. ஒருநாள் செலான், செக், பாஸ்புக். பதினெட்டு வயது ஆனதும் மைனர் கணக்கைத் தன் கணக்காக மாற்றாவிட்டால் பணம் எடுக்க முடியாமல் போகும் என்பதையும் அன்றைக்கே சொல்ல வேண்டும், கல்லூரி சேர்கிற பலருக்கு அப்போதுதான் வயது 17. அடுத்த நாள் முழுக்க ஏமாற்று வேலை. பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் எண்ணைப் போட வேண்டிய தேவையே கிடையாது என்று ஐம்பது தடவை சொல்லச் சொல்ல வேண்டும். உதவித்தொகை வந்திருக்கிறது என்று வருகிற போனைப் பற்றியும் ஐந்து நிமிஷத்தில் கடன் தருகிற ஆப்பைப் பற்றியும் அன்றைக்கே பேசலாம். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் அந்த நிமிஷமே 1930க்குப் போன் போட வேண்டும். வாடகைக் கணக்கு பற்றி நானே வந்து சொல்கிறேன். என் மகன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். கட்டாயப்படுத்தவில்லை.

கல்விக்கடன் வாங்கப் போகிற வீடு என்றால் பிள்ளையும் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைப் படிக்கட்டும். படித்து முடிக்கும்வரை தவணை கட்ட வேண்டாம் என்பதைக் கேட்டு, வட்டியும் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிற அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் நாளிலிருந்து வட்டி ஓடும்.

இன்னொரு சங்கதி, இது பெற்றோருக்கும் சேர்த்து. சேர்ந்த கல்லூரி பிடிக்கவில்லை, வேறு இடம் கிடைத்துவிட்டது என்றால் அசல் சான்றிதழைத் தர மாட்டோம் என்று மிரட்டுகிற கல்லூரிகள் இருக்கின்றன. சரிபார்த்துவிட்டு அசலைத் திருப்பித் தந்துவிட வேண்டும், தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018லேயே அறிவித்துவிட்டது. கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் அதில் நாள் கணக்கு உண்டு. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரு பைல், படம் பிடித்துப் போனில் ஒரு தொகுப்பு. பிள்ளை தன் கையால் அடுக்க வேண்டும். அப்பா அடுக்கிக் கொடுத்த பைலைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளையிடம் "வருமானச் சான்று எங்கம்மா?" என்று கேட்டால் உடனே அப்பாவுக்குத்தான் போன் போகும்.

செவிலியருக்கு ஒரு காலை. மின்பணியாளர் ஒருவர், பிளம்பர் ஒருவர் சேர்ந்து ஒரு காலை. பட்டன் தைக்க, ஓரம் அடிக்க, கறை எடுக்கத் தையல்கடை அக்கா பார்த்துக்கொள்வாள். அடுப்புக்கு ரெண்டு நாள், உங்கள் பள்ளிச் சத்துணவு அமைப்பாளரைக் கேட்டுப் பாருங்கள். மிச்ச ஒருநாள் பயணத்துக்கு. தீபாவளிக்கு ஊருக்கு வர வேண்டும் என்றால் ரயிலில் 60 நாளைக்கு முன்னால் முன்பதிவு திறக்கும். அன்று காலை தூங்கிவிட்டால் நெல்லை எக்ஸ்பிரஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. ராகிங் என்றால் 1800-180-5522. தமிழ்நாட்டில் அதற்கென்று 1997லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. மனசு சரியில்லை, தூக்கம் வரவில்லை, யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் 14416. இந்தக் கடைசி எண்ணைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள். 24 வருஷத்தில் ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் என்னால் இன்னும் எழுத முடியவில்லை.

"போய் இறங்கினா எல்லாம் தன்னால வந்திரும்" என்று சொல்கிறவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பார்கள். உண்மைதான், வந்துவிடும். என் மகனுக்கும் வந்துவிட்டது. அதற்கு வக்கீல் பீஸ் எவ்வளவு ஆயிற்று என்று சொன்னால் நீங்கள் ஒரு குக்கரும் அடுப்பும் வாங்கித் தந்துவிடுவீர்கள்.

போன ஏப்ரலில் எங்கள் தெரு மாடியில் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து இதை நாங்கள் செய்து பார்த்தோம். ஏழு பெண்கள், ஐந்து பையன்கள். முதல் நாள் சமையலில் ரசம் கசந்துவிட்டது, வெந்தயத்தைக் கருக்கிவிட்டார்கள். அந்த ரசத்தை யாரும் கீழே கொட்டவில்லை, குடித்து முடித்தார்கள். செலான் எழுதின அன்று எண்ணால் எழுதின தொகையை எழுத்தால் எழுதத் தெரியாமல் ரெண்டு பேர் விழித்தார்கள். அதில் ஒருவன் கணக்கில் நூற்றுக்கு நூறு. ஆகஸ்டில் அவன் சென்னையிலிருந்து போன் செய்தான். நலம் விசாரிப்பதற்கென்று நினைத்து எடுத்தேன். "அத்தை, எங்க ரூம்ல எம்சிபி சுவிட்ச் விழுந்து கரண்ட் போயிட்டு. நான்தான் தூக்கிவிட்டேன். அயன் பாக்ஸ் வயரு போயிருக்கு, அதக் கழட்டி வச்சிட்டேன்." அவ்வளவுதான் செய்தி. வைத்துவிட்டான்.

மாடியில் பன்னிரண்டு பேருக்கு மேல் உட்கார இடம் இல்லை. அதனால்தான் உங்களிடம் வருகிறேன். பங்குனி வெயிலில் மேல்மாடி அறை வேண்டாம், வேப்பமரத்துப் பக்கம் கீழ்த்தளத்தில் ஒன்று கொடுங்கள். ரெண்டு மின்விசிறி ஓடினால் போதும். அடுப்பும் குக்கரும் நான் கொண்டுவருவேன், வாரியலும் கொண்டுவருவேன். சமையல் நாளைக்கு மட்டும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு டம்ளர் அரிசி கொண்டுவரட்டும். அதையும் அம்மாவிடம் கேட்டு வாங்காமல் அவர்களே அளந்து கட்டி எடுத்துவரச் சொல்லுங்கள். தை பிறந்ததும் உங்கள் கழகக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கினால் நேரில் வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் விடுதிக் காப்பாளர் ஒருத்தி,
பாளையங்கோட்டை.